பதினேழாம் பெட்டியில் ஒரு பிழை

மயோர்ஸ்துவென் ரயில் கொட்டகையில் அந்தச் சிவப்புப் பெட்டி பதினெட்டு வருடங்களாக நின்றது. ஒரு காலத்தில் ஒஸ்லோவின் கிழக்குப் புறமெல்லாம் ஓடித் திரிந்த சுரங்க ரயில் பெட்டி. இலக்கம் பதினேழில் முடிவதால் பணிமனையில் எல்லோரும் அதைப் 'பதினேழு' என்றே சொல்வார்கள். அருட்பிரகாசம் ஏணியில் ஏறி, கூரையிலிருந்த ஆறாவது விளக்கின் மூடியைக் கழற்றினார். முதல் ஐந்தும் வெள்ளைக் குழல்கள். ஆறாவதின் ஓரத்தைத் துணியால் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டப் பார்த்தார். வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண், நாற்பது என்று இருக்கவேண்டிய இடத்தில் முப்பது என்று அச்சிட்டிருந்தது.

அவர் இறங்கி, அந்த விளக்குக்கு நேர் கீழேயிருந்த இருக்கையில் உட்கார்ந்தார். பதினைந்து வருடத்துக்கு மேல் இந்தப் பெட்டிகளோடு சீவித்தவர், அந்த இருக்கையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அது அவருடைய மனைவி அருள்ராணியின் இருக்கை. அருள்ராணி இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

வெளியே, கதவுக்கு எதிரே மேசையில் மாரித் பட்டியலோடு காத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவர். பழைய பெட்டிகளைத் திருத்தும் தொண்டர்களுக்கு அவர்தான் தலைவி. பெட்டியிலுள்ள ஒவ்வொன்றும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கவேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதியிருக்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். இருக்கைக்கு அடியிலிருக்கும் சூடாக்கி, கதவு மூடமுன் அலறும் மணி, சாரதியின் அறையில் எரியும் சிறுவிளக்கு, எல்லாவற்றுக்கும் பட்டியலில் ஒரு வரி உண்டு.

"ஆறாவது?" என்று கேட்டார் மாரித்.

"மஞ்சள்."

"மஞ்சளா? அப்படித்தான் வந்ததா?"

அருட்பிரகாசம் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"படங்களைப் பார்த்து வெளிச்சத்தின் நிறத்தைக் கண்டுபிடிக்க முடியாது," என்றார் மாரித். "இந்த விளக்குகளைத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீ சரி என்றால் சரி என்று எழுதுவேன். அது அங்கேயே இருக்கும்."

சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். கேட்க ஆளில்லை. ஆனால் பணிமனைப் புத்தகத்தில் பொய் எழுதாத கை அவருடையது.

"பிழை," என்றார். "என்னுடைய பிழை. கடையிலிருந்து மாறி வந்த குழல்."

நோர்வேஜிய மொழியில்தான் சொன்னார். சொன்ன கையோடு அதே சொல் தமிழில், அருள்ராணியின் குரலில், காதில் விழுந்தது.

அருட்பிரகாசம் யாழ்ப்பாணத்து ஊர்காவற்துறையிலிருந்து எண்பத்தாறாம் ஆண்டு நோர்வேக்கு வந்தவர். முதலில் வடக்கே மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோவில் மின்சார வேலைப் படிப்பு, பிறகு சுரங்க ரயில் பணிமனை. விளக்கு, மணி, சூடாக்கி, கதவு, இவைதான் அவருடைய பொறுப்பு. பெயருக்கு என்ன அர்த்தம் என்று ஒருமுறை கேட்டார்கள். 'வெளிச்சம்' என்று பாதியை மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பணிமனையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

அருள்ராணி தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மார்கழியில் வந்து சேர்ந்தாள். வந்த மூன்றாம் நாள் இருவரும் வீடிருந்த அம்மருட்டிலிருந்து சுரங்க ரயிலில் நகரத்துக்குப் போனார்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளில், மின்சாரம் தரும் தண்டவாளம் விட்டுவிட்டு வரும் இடங்களைக் கடக்கும்போது விளக்குகள் ஒரு கணம் அணைந்துதான் எரியும். சுரங்கத்துக்குள் அப்படி அணைந்ததும் அருள்ராணி, ஊரில் குண்டு விழும்போது செய்வதுபோல, இருக்கையிலிருந்து வழுகி நிலத்தில் படுத்துவிட்டாள். படுத்ததோடு நில்லாமல் அவருடைய சட்டைக் கையையும் பிடித்துக் கீழே இழுத்தாள். வெளிச்சம் வந்தபோது பெட்டி முழுவதும் அவர்களைப் பார்த்தது.

முன்னாலிருந்த கிழவர் ஏதும் விழுந்துவிட்டதா என்று கேட்டார். அருட்பிரகாசம் வாயில் வந்ததைச் சொன்னார்: "தோடு."

அவ்வளவுதான். கிழவர் குனிந்தார், பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் குனிந்தார்கள், அடுத்த இரண்டு தரிப்பிடங்கள் வரை பெட்டியே தோடு தேடியது.

"இஞ்சருங்கோ," என்று அருள்ராணி மெல்லக் கேட்டாள், "ஒரு தோட்டைக் கழட்டிக் கீழை போடட்டோ? பாக்கப் பாவமாய்க் கிடக்கு."

பிறகு அவளுக்கு நகரத்தில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை கிடைத்தது. தினமும் முதல் ரயில். மாரிகாலத்தில் வெளியேயும் இருட்டு, சுரங்கத்துக்குள்ளேயும் இருட்டு, நடுவே அந்த வெள்ளை வெளிச்சம்.

"உங்கடை லைற்றுக்குக் கீழை எல்லாரும் பிணம் மாதிரி இருக்கினம்," என்றாள் ஒரு நாள். "நானும் அப்பிடியோ?"

"நீர் கொஞ்சம் பரவாயில்லை."

"நல்ல மனுசன்."

அந்த மாரியில்தான் பணிமனைக்கு ஒரு கட்டுக் குழல்கள் மாறி வந்தன. வெள்ளைக்குப் பதிலாக மஞ்சள் கலந்தவை. திருப்பி அனுப்பு என்றார்கள், ஒருவரும் அனுப்பவில்லை. ஒரே ரயில் பெட்டியில் இரண்டு நிறம் போடக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அருட்பிரகாசம் அதுவரை மீறிய விதி எதுவும் இல்லை. ஒரு பின்னேரம் பதினேழின் இரண்டாம் கதவுக்குப் பக்கத்திலிருந்த இருக்கைக்கு மேலே ஒரு மஞ்சள் குழலைப் பூட்டினார். இரவு, குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அருள்ராணியிடம் பூட்டியதையும் இலக்கத்தையும் இடத்தையும் தணிந்த குரலில் சொன்னார்.

பயந்துவிட்டாள். "இதென்ன வேலை? ஆருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. வெளியிலை தெரிஞ்சால் எங்கடை நிலைமை என்ன?"

"ஒரு பிழை தானே. பிழையாய்ப் பூட்டிப்போட்டன் எண்டு சொல்லுவன்."

முதல் ரயிலில் பதினேழு வருவது மாதத்தில் இரண்டு மூன்று தரம்தான். வந்த நாட்களில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், குளிரங்கியைக் கழற்ற முன்னரே குசினி வாசலில் நின்று சொல்வாள்: "இண்டைக்கு உங்கடை பிழையிலை இருந்துதான் போனனான்." அதற்குமேல் ஒரு சொல் இராது. குழல் செத்தால் அவர் இன்னொரு மஞ்சளைப் பூட்டுவார். நான்கு வருடம் அப்படிப் போனது. இரண்டாயிரத்து ஏழில் சிவப்புப் பெட்டிகள் எல்லாம் ஓய்ந்தன. புதிய வெள்ளை ரயில்களில் அவர் தொடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பகிடியும் அதோடு நின்றுபோனது.

அருள்ராணி இறந்தபின் வீட்டில் இருக்க முடியாமல்தான் அவர் இந்தக் கொட்டகைக்கு வந்தார். முதலில் கொடுத்த வேலை, மூலையில் நின்ற இன்னும் பழைய மரப்பெட்டி. அதில் குழல்கள் இல்லை, குண்டு பல்புகள்தான். ஐந்தைந்தாக ஒரே கம்பியில் கோத்திருப்பார்கள். ஒன்று எரிந்துபோனால் ஐந்தும் அணையும். எது செத்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. நல்ல பல்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் மாற்றிப் போட்டுப் பார்க்கவேண்டும். அந்த வேலையைச் செய்தபோதெல்லாம் அவர் மகளை நினைத்தார்.

மகள் நிலூஜா துரொண்ட்ஹெய்மில் மருந்தாளராக இருக்கிறாள். முப்பது வயது. சிறு வயதிலிருந்தே அவருடன் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. மரியாதை குறையாது, கேட்டதற்குப் பதில் வரும், அதற்குமேல் இல்லை. தாயின் முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து, குசினியில் கோப்பைகள் கழுவிக்கொண்டு நின்றவள் திரும்பிப் பாராமலே சொன்னாள்: "அம்மா கடைசி மட்டும் உங்கடை பிழையிலை தானே இருந்தவ."

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அருள்ராணி மகளிடம் எதையோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தார். துப்புரவு வேலைக்கு விட்டது பிழையா, படிக்க விடாதது பிழையா, இந்த நாட்டுக்குக் கூப்பிட்டதே பிழையா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பதினான்கு மாதங்கள் பார்த்தார்.

இப்போது, மஞ்சள் குழலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோதுதான், அந்த வீட்டின் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்பது நினைவுக்கு வந்தது. குசினிக்கு அடுத்தது நிலூஜாவின் அறை.

"எப்போது மாற்றப்போகிறாய்?" என்று மாரித் கேட்டார்.

"சனிக்கிழமை மட்டும் விடமுடியுமா?"

"திங்கட்கிழமை பரிசோதனைக்கு வருவார்கள். சனி சரி, அதற்குப் பிந்தாதே."

அன்று பின்னேரமே மகளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நிலூ, சனிக்கிழமை ஒருக்கால் வந்திட்டுப் போறியோ?"

"ஏன், சுகமில்லையோ?"

"சுகம் தான். ஒரு லைற் காட்டவேணும்."

"லைற்றோ? அப்பா, ஏழு மணித்தியாலம் ரயில்."

"தெரியும்."

"படம் எடுத்து அனுப்புங்கோவன்."

"படத்திலை தெரியாது, பிள்ளை. அம்மான்ரை விசயம்."

வந்தாள். சனிக்கிழமை பின்னேரம் தோள்பையோடு கொட்டகை வாசலில் நின்றாள். மாரித் கைகொடுத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். அருட்பிரகாசம் மகளை இரண்டாம் கதவால் ஏற்றி, அந்த இருக்கையைக் காட்டினார்.

"இதிலை இரு."

அவள் இருந்தாள். அவர் போய் விளக்கு ஆளியைப் போட்டார். குழல் உடனே பற்றவில்லை. இரண்டு ஓரமும் சிவந்து, துடித்து, அணைந்தது. பதினெட்டு வருடம் இருட்டில் கிடந்த குழல், இதற்கு மாற்று இனி உலகத்தில் இல்லை. மறுபடி துடித்தது. பிறகு பற்றிக்கொண்டது. வரிசையாக வெள்ளைகள், நடுவே அந்த ஒன்று மட்டும் பின்னேர வெயில் போல. நிலூஜா தன் கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

அவர் எதிரே உட்கார்ந்து சொன்னார். மாறி வந்த குழல்கள், விதி, பதினேழு, முதல் ரயில், எல்லாம். கதைத்துப் பழகாதவர், அதனால் சுற்றி வளைக்கவும் தெரியவில்லை. முடிவில், "உங்கடை பிழையிலை இருந்து போனனான் எண்டு கொம்மா சொல்லுறது இதைத்தான்," என்றார்.

நிலூஜா தலை நிமிரவில்லை.

"எனக்கு எட்டு வயசு இருக்கும்," என்றாள். "அறைக்குள்ளை படுத்திருக்கிறன். ஆருக்கும் சொல்லாதையுங்கோ, வெளியிலை தெரிஞ்சால் எங்கடை நிலைமை என்ன எண்டு அம்மா சொல்லுறா. பிறகு பிழை, பிழை எண்டு எப்பவும். நீங்கள் ஏதோ செய்திருக்கிறியள், அம்மா அதுக்குள்ளை இருந்து சீவிக்கிறா எண்டு..." நிறுத்தினாள். "தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை ரீச்சரிட்டைக் கேட்டனான், பிழை எண்டால் என்னெண்டு. தவறு, குற்றம் எண்டு சொன்னா."

"சரியாய்த்தான் சொல்லியிருக்கிறா."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முகம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "இருபத்திரண்டு வருசம், அப்பா. அம்மாட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம்."

"நானும் உன்னட்டைக் கேட்டிருக்கலாம்."

பக்கத்துத் தண்டவாளத்தில் ஓர் உண்மையான ரயில் போனது. கொட்டகையின் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின.

"அம்மாக்குத் தெரியுமோ," என்று நிலூஜா கேட்டாள், "நான் ஏன் உங்களோடை அப்பிடி இருந்தனான் எண்டு?"

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிக் கிழமை அவருக்கு நினைவில் எழுந்தது. குரல் போயிருந்தது. அருள்ராணி அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு காற்றாகக் கேட்டாள்: 'அவள் ஏன் உங்களோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை? என்ன செய்தனீங்கள் பிள்ளைக்கு?' அவர் தெரியாது என்றார். அவள் நம்பவில்லை. அந்தக் கேள்வியோடுதான் கண்ணை மூடினாள்.

"அம்மா அதைப் பெரிசா எடுக்கேல்லை," என்றார் அருட்பிரகாசம்.

நிலூஜா அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அவர் எழுந்து ஆளியை நிறுத்தப் போனார்.

"இப்பவே கழட்டவேணுமோ? மாரித்திட்டைச் சொன்னால் விடுவா. அம்மான்ரை படத்தோடை ஒரு பலகை கூட எழுதி வைப்பினம்."

"அவ ஆருக்கும் சொல்லாதையுங்கோ எண்டு சொன்னவ," என்றார். "உனக்குச் சொன்னதே கூடிப்போச்சு."

நிலூஜா எழுந்து வந்து ஏணியைப் பிடித்தாள். அவர் மூன்று படி ஏறி, குழலைக் கால்வட்டம் திருப்பி இழுத்தார். இரண்டு பக்கமும் விட்டுக் கொடுத்தது. குனிந்து மகளிடம் நீட்டினார். அவள் இரண்டு கைகளாலும் வாங்கி, மார்போடு சாய்த்துக்கொண்டாள்.

"இன்னும் சுடுகுது, அப்பா."

"ஓம்," என்றார் அவர், வெள்ளைக் குழலுக்குக் கையை நீட்டிக்கொண்டு. "கொஞ்ச நேரத்திலை ஆறிடும்."