தார்ப்பாய்க்காரர் பேத்திக்குத் தைத்த விரிப்பு

என் தங்கை புருஷன் முப்பத்தெட்டு வருஷம் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தவர். அவர் தைத்தது கிழிந்ததாக இதுவரை ஒரு புகாரும் இல்லை. லாரி கவிழ்ந்திருக்கிறது, தார்ப்பாய் கிழியவில்லை. இதைக் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

போன மாதம் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். என் தங்கை போய் மூன்று வருஷமாகிறது. வீட்டில் பேச்சுத்துணைக்கு அவரும் மின்விசிறியும்தான். ஒரே மகள் நாலு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் பெண்ணுக்கு எட்டு மாதம். மகள் திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போக வேண்டும். குழந்தைக்கு டே கேரில் இடம் பேசி வைத்திருந்தாள்.

"டே கேர் எதுக்கும்மா? எங்கிட்ட விட்டுட்டுப் போயேன்" என்றார்.

"அப்பா, நான் எந்த கிளாஸ் படிக்கிறேன்னே உங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது" என்றாள் மகள்.

உண்மை. அந்த வருஷங்களில் அவர் தார்ப்பாய் ஷெட்டே கதி என்று கிடந்தார். நேரே என்னிடம் வந்து, குழந்தை தவழ்ந்து விளையாட ஒரு விரிப்பு தைக்கப் போவதாக அறிவித்தார். கடையில் வாங்கிய இரண்டும் நாலு சலவையில் நூல்நூலாகப் போயிருந்தன. இது போகாது என்றார்.

மூன்று நாள் தைத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது. கீழே தார்ப்பாய்க் கித்தான், மேலே கித்தான், நடுவில் பஞ்சு, சுற்றிலும் மூன்று வரிசைத் தையல். சுவரோரம் வைத்தால் தானாக நின்றது. ஓரத்தில் முழத்துக்கு ஒன்றாகப் பித்தளை வளையம் வேறு.

"வளையம் எதுக்கு மாப்ளே?"

"கயிறு கட்ட."

"எதுக்குக் கயிறு? புள்ள மேல மூடவா?"

ஒரு வளையத்தைத் தடவிப் பார்த்தார். "எப்பவும் போடறதுதானே மச்சான்."

குழந்தையை அதில் விட்டோம். இரண்டடி தவழ்ந்தது, வீல் என்று அலறியது. முழங்கால் இரண்டும் சிவந்துவிட்டன. மகள் தூக்கி எண்ணெய் தடவினாள். திட்டியிருந்தால் தேவலை.

"நல்லாத் தடவிப் பாத்துத்தாம்மா தச்சேன். வழவழன்னு இருந்துச்சே."

"எதால தடவினீங்க?"

கையை நீட்டினார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அந்தக் கைக்கு உப்புத்தாளும் பட்டும் ஒன்றுதான்.

"கன்னத்துல வச்சுப் பாருங்கப்பா" என்றாள்.

மறுநாள் துணிக்கடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு துணியாகக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். பன்னிரண்டாவது துணியில் கண்ணைத் திறந்து, "இது" என்றார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆசாமி, தன் தையலைத் தானே பிரித்ததை அன்றுதான் பார்த்தேன். வளையங்கள் போயின. கித்தான் அடியில் மட்டும் நின்றது, மேலே பூத்துணி. தையல் ஓரங்களை உள்ளே மடித்து, அங்குலம் அங்குலமாகக் கன்னத்தால் சோதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் வீட்டில் விரித்தோம். குழந்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தவழ்ந்தது, ஜொள்ளு விட்டது, ஓரமாக ஈரம் பண்ணியது. மகள் மண்டியிட்டு ஒவ்வொரு மூலையாக இழுத்துப் பார்த்தாள். குற்றம் கிடைக்கவில்லை. கடைசியில் குனிந்து, காய்ந்த பக்கமாகக் கன்னத்தை வைத்தாள். "நல்லா இருக்குப்பா, ஆனா..." என்று ஆரம்பித்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். எட்டு மாதமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்காதவள்.

இரண்டரை மணி நேரம் அவர் என்னை இருமக்கூட விடவில்லை. ஈரத்துணி மாற்றினார். பால் கலக்கி, தன் கையை நம்பாமல் என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு, "சுடுதா?" என்று சைகையில் கேட்டார். குழந்தை சிணுங்கும்போதெல்லாம் அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். மீசையை அது பிடித்து இழுத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை.

மகள் திடுக்கென்று எழுந்தாள். "பாப்பா?"

பாப்பா அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தால் விழித்துவிடும் என்று அவர் நின்றபடியே இருந்தார்.

"நாளைக்கு எட்டு மணிக்கெல்லாம் வந்துடுங்கப்பா. லேட்டாக்கூடாது."

"ஏழுக்கே வந்துடறேன்" என்றார், குசுகுசுவென்று.

"அப்ப இன்னும் கொஞ்சம் தூங்கறேன்" என்று சொல்லிவிட்டு மகள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.