நடந்து திரும்பிய நான்கு கிலோமீற்றர்

வியாழன் பின்னேரம் வெள்ளவத்தையில் நூறாம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். பையில் ஓட்டச் சப்பாத்து இரண்டு சோடி, ஒரு துவாய், அட்டை கடிக்காமல் காலில் தேய்க்க ஒரு கட்டிச் சவர்க்காரம். புறக்கோட்டையில் ரிஸானா காத்து நின்றாள். கொட்டாஞ்சேனைக்காரி, தனியார் வைத்தியசாலை ஒன்றில் தாதி. ‘சொல்’ என்பதை ‘செல்’ என்பாள். நான் வங்கியில் வேலை செய்கிறேன். ஞாயிறுகளில் வெள்ளவத்தைக் கடலோரத்து மரைன் டிரைவில் சேர்ந்து ஓடும் எங்கள் சிறு குழுவுக்கு வாகனப் புகை இல்லாத ஒரு பாதை வேண்டியிருந்தது. எட்டியாந்தோட்டைப் பக்கம் ஆற்றோரமாக ஓடுவதற்கென்றே ஒருவர் பாதைகள் வெட்டி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, முதலில் நாங்கள் இருவரும் போய்ப் பார்ப்பதென்று முடிவாகியிருந்தது.

ஹட்டன் பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. அவிசாவளை தாண்டியதும் காற்றின் வாசனை மாறியது. எழுபது கிலோமீற்றர் சொச்சம் போய் எட்டியாந்தோட்டையில் இறங்கினோம். விடுதிக்காரர் சுனில் தன் ஆட்டோவோடு நின்றார். இறப்பர்த் தோட்டங்களுக்கூடாக இன்னும் ஒன்பது கிலோமீற்றர் உள்ளே போக வேண்டும். ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். அங்கே ஒரு பெண்ணின் வீட்டைத் தேடி யாரும் போய் நிற்கக்கூடாது. களனியில் போய் விழும் ஒரு கிளையாறு அது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு ஆறாயிரம் ரூபா, காலைச் சாப்பாட்டோடு. சுத்தமான இடம்.

வெள்ளி காலை இரண்டு பாதைகளிலும் ஓடினோம். ஆற்றுக்கு எதிராக மேலே போகும் பாதை மூன்று கிலோமீற்றர், பாறையும் ஏற்றமும். ஆற்றோடு கீழே போவது நான்கு கிலோமீற்றர், தொங்குபாலத்தில் முடிகிறது, ஏறக்குறையச் சமதரை. சுனில் மரங்களில் மஞ்சள் அம்புக்குறி பூசியிருந்தார். கீழ்ப்பாதையில் வாகனம் போகாது, வீடுகளும் இல்லை. மூங்கில்கள் ஆற்றின் மேல் சாய்ந்து நிற்கும். இறப்பர் இலைகள் விழுந்து பாதை மெத்தை போலிருக்கும். தண்ணீர் கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தெளிவு. ஓரிடத்தில், விடுதிக்குச் சற்றுக் கீழே, ஆறு அகன்று முழங்கால் ஆழத்துக்கு வந்துவிடுகிறது. தோட்டத்து ஆட்கள் வாளிகளைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கரைக்கு நடந்து கடந்தார்கள். அங்கேதான் அவர்கள் பால் வெட்டும் இறப்பர் மரங்கள். பாலத்தைச் சுற்றிப் போனால் இக்கரையில் நான்கு கிலோமீற்றர், அக்கரையில் திரும்பி வர நான்கு. வேலைக்குப் போகிறவன் எப்படிப் போவான்? நாங்கள் நின்று படம் எடுத்தோம். ஒரு இளம்பெண் சிரித்துக் கை காட்டினாள்.

"குறூப்ல எல்லாரும் இங்கயே குடியேறிருவாங்க," என்றாள் ரிஸானா.

அன்றிரவு எங்கள் பக்கம் ஒரு துளி மழை இல்லை. மேலே மலைப்பக்கம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

சனி காலை கீழ்ப்பாதையில் மறுபடி இறங்கினோம். மழை இல்லாத இடத்தில் ஆறு தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. கடக்கும் இடத்துக்கு வரமுன்னரே கூச்சல் கேட்டது. இருபது பேர் அளவில் கரையில் நின்றார்கள். இருவர் இடுப்பில் கயிறு கட்டி நெஞ்சளவு தண்ணீரில் இறங்கித் துழாவிக்கொண்டிருந்தார்கள். சுனில் கரையில் நின்று பொலிஸுக்கு அழைக்கத் தொலைபேசியை உயர்த்திப் பிடித்து சிக்னல் தேடினார்.

"பால் வெட்டப் போன பய," என்றார் ஒரு பெரியவர். "எறங்குறப்ப தண்ணி கொஞ்சமாத்தான் இருந்துச்சு. நடுவுல நிக்கிறப்ப மேல இருந்து வந்து அடிச்சிட்டுப் போயிருச்சு."

முதல் நாள் கை காட்டிய பெண் கூட்டத்தை விட்டு விலகி எங்களிடம் வந்தாள். பெயர் புவனா என்று பிறகுதான் தெரியும். இடுப்பில் சாக்குப் படங்கு கட்டியபடியே நின்றாள். அழவில்லை.

"மிஸ், நீங்க நேத்து பாலம் வரைக்கும் ஓடினீங்கதானே?"

"ஓம்."

"இன்னைக்கும் ஓடிப்போய்ப் பாருங்க மிஸ். நாங்க போய்ச் சேர நேரமாயிரும். நீங்க ஓடுறவங்க. கரையில எங்கயாவது புடிச்சிக்கிட்டு நிப்பாரு."

"பெயர் என்ன?" என்று ரிஸானா கேட்டாள்.

"ராஜ்குமார், எங்க வீட்டுக்காரரு. கூப்பிட்டுக்கிட்டே போங்க. கூப்பிட்டா பதில் சொல்லுவாரு."

ஓடினோம். எத்தனையோ போட்டிகளில் ஓடியிருக்கிறேன். ஒரு மனிதனின் பெயரைக் கத்திக்கொண்டு ஒருநாளும் ஓடியதில்லை. ஓடிக்கொண்டு கத்தினால் மூச்சு அறுந்துபோகும். அதனால் மாறி மாறிக் கூப்பிட்டோம். நான் கூப்பிடும்போது ரிஸானா தண்ணீரைப் பார்த்தாள், அவள் கூப்பிடும்போது நான் பார்த்தேன். முதல் நாள் அழகென்று படமெடுத்த மூங்கில்களையெல்லாம் இப்போது அடியில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்தோம். ஒரு வாளி மிதந்தது. ஒரு மரக்கிளையை இரண்டு கை என்று நினைத்து நான் நின்றுவிட்டேன். "கிளை அக்கா, கிளை, வாங்க," என்று ரிஸானா இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பாலத்துக்குச் சற்று முன்னால் ஆறு திரும்புகிறது. அங்கே விழுந்து கிடந்த மரமொன்றில் அவரை அக்கரைக் கிராமத்து மூன்று பேர் கண்டு இழுத்து எங்கள் பக்கக் கரையில் போட்டிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். ஒருவர் வயிற்றை அமத்திக்கொண்டிருந்தார். இவள் நேர்ஸ் என்று நான் சிங்களத்தில் சொன்னதும் எல்லோரும் விலகினார்கள். ரிஸானா மண்ணில் முழங்காலிட்டு நெஞ்சை அமத்தத் தொடங்கினாள். அவள் களைத்தபோது எப்படி அமத்துவதென்று எனக்குக் காட்டி, பிறகு என்னிடமிருந்து மறுபடி வாங்கிக்கொண்டாள். அந்த நெஞ்சு குளிர்ந்துதான் இருந்தது. எனக்கே தெரிந்தது. அவளுக்கு வந்தவுடனேயே தெரிந்திருக்கும். இருந்தும் அவள் நெடுநேரம் விடவில்லை. கடைசியில் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்து, அவர் கண்களை மூடிவிட்டு, எழும்பினாள்.

பாலத்தருகே குளிக்க வந்திருந்த ஒரு சிங்கள அம்மா தன் தோள் துவாயை எடுத்து அவர் முகத்தையும் நெஞ்சையும் மூடினார். "பவ்," என்றார். பாவம் என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். யாரும் சொல்லாமலே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவ்விடத்தில் சிக்னல் இருந்தது. இதற்குள் சுனிலுக்கும் கிடைத்திருக்கும், அவருக்கு எடுக்கலாம் என்று நான் தொலைபேசியை எடுத்தேன்.

"ஃபோன வைங்க அக்கா," என்றாள் ரிஸானா. "அந்தாள் அங்கிருந்து கத்திச் செல்லுவார். அதுவும் சிங்களத்துல. எங்களத்தானே அனுப்பினாங்க. நாங்கதான் போய்ச் செல்லணும்."

சரியென்று நான் ஓடத் தொடங்கினேன். எனக்கு அந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் போலிருந்தது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஓடாதீங்க."

"ஏன்?"

"நாங்க ஓடி வாறதக் கண்டா அவர் உசிரோட ஈக்கிறார் எண்டு நெனைப்பாங்க. அந்த நெனைப்பக் குடுத்துட்டுப் பொறகு பறிக்கேலாது. வார்டுல நாங்க ஒருநாளும் சொந்தக்காரர்ட்ட ஓடிப் போக மாட்டோம்."

நடந்தோம். வியர்வை காய்ந்து குளிர்ந்தது. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். "நான் செல்றன்," என்றாள். பிறகு, "இல்ல, தெரியாது. பார்ப்பம்," என்றாள். பத்தொன்பது வருடம் தாதியாக இருப்பவள். அவளுக்கும் தெரியவில்லை.

கடைசித் திருப்பத்தைத் தாண்டியதும் கரை தெரிந்தது. புவனா கூட்டத்துக்கு முன்னால், பாதையையே பார்த்தபடி நின்றாள். எங்களைக் கண்டாள். ஓடி வரவில்லை. நாங்கள் கிட்டப் போகும்வரை அப்படியே நின்றாள்.

"நடந்து வர்றீங்களே, மிஸ்," என்றாள்.

நாங்கள் சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமிருக்கவில்லை. ரிஸானா அவளைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் யாரோ பெண் ஓவென்று அலறினாள். தண்ணீரில் நின்ற இருவரும் கயிற்றைப் பிடித்தபடி எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் துழாவவேண்டியதில்லை என்று யார் அவர்களுக்குச் சொன்னார்கள் என்பது எனக்கு நினைவில்லை.

சற்றுப் பொறுத்துப் புவனா கேட்டாள்: "பக்கத்துல யாரு இருக்கா?"

"ஒரு அம்மா இருக்கிறா. துவாயால மூடி வைச்சிருக்கிறா," என்றேன்.

"நான் போறேன்."

ஆட்டோவில் சுற்றிப் போகலாம் என்று சுனில் எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. அன்று மூன்றாம் தடவையாக அதே பாதையில் போனோம், இம்முறை அவளோடு. வெறுங்காலோடு நடந்தாள். எங்களால் அவளுக்கு ஈடாக நடக்க முடியவில்லை. பாதிவழியில் ஒருமுறை மட்டும் நின்றாள்.

"நீங்க போறப்ப மூச்சு இருந்துச்சா அக்கா?"

"நாங்க போகக்குள்ள இல்ல தங்கச்சி," என்றாள் ரிஸானா.

"பொய் சொல்லாம சொல்றீங்களா?"

"பொய் இல்ல. நான் நல்லாப் பார்த்தன்."

தலையாட்டிவிட்டு நடந்தாள். அவரைக் கண்டதும் முதலில் செய்தது, சட்டையில் கழன்றிருந்த பொத்தான்களைப் பூட்டியதுதான். நாங்கள் நெஞ்சை அமத்துவதற்காகக் கழற்றியவை. அதன் பிறகுதான் அழுதாள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

பொலிஸ் வந்தது. மரண விசாரணை அதிகாரி வந்தார். புவனா சொன்னதை நான் சிங்களத்திலும், அவர்கள் கேட்டதை அவளுக்குத் தமிழிலும் சொன்னேன். தண்ணீர் கூடியிருப்பது தெரியாமலா இறங்கினார் என்று ஒரு கேள்வி. "எறங்குறப்ப கூடல," என்றாள் அவள். அதை நான் இரண்டு தரம் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை புறப்பட்டோம். பஸ் நிறுத்தத்துக்குச் சுனில் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "உங்கட ஆக்கள் இனி வரமாட்டினம், இல்லையா நங்கி?" என்று தமிழும் சிங்களமுமாகக் கேட்டார்; நங்கி என்றால் தங்கச்சி. அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கவில்லை. "சொல்லத் தெரியாது ஐயா," என்றேன். கடக்கும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் வேண்டுமென்று எத்தனையோ பேரிடம் கேட்டாகிவிட்டது என்றார். கொழும்பு வரை களனி இடைக்கிடை ஜன்னலில் வந்து போனது. ரிஸானா ஒருமுறையும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டிலிருந்து சற்றுத் தூரத்தில், முகத்துவாரத்தில்தான் அது கடலில் கலக்கிறது.

குழுவில் கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். பாதை நல்லது, நிழல் இருக்கிறது, நான்கு கிலோமீற்றரும் ஓடலாம், மழைக்காலத்தில் போகவேண்டாம்.

மூன்று கிழமை கழித்துப் புவனா அழைத்தாள். விசாரணை அன்று இலக்கம் வாங்கியிருந்தாள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வரச் சொல்லத்தான் எடுத்தாள். ரிஸானா அக்காவையும் கட்டாயம் கூட்டி வரச் சொன்னாள். பேச்சோடு பேச்சாக, "இப்ப அவரு மரமெல்லாம் என்கிட்ட குடுத்திருக்காங்க மிஸ்," என்றாள்.

"அப்ப அக்கரைக்கு எப்பிடிப் போறீங்கள்?"

"அந்த வழியாத்தான். வேற வழி எங்க இருக்கு? தண்ணியப் பாத்துப் பாத்துதான் எறங்குறேன்."

நாங்கள் காரியத்துக்குப் போவதாக முடிவெடுத்திருக்கிறோம். மரைன் டிரைவில் ஓடுகிறவர்கள் மழை வருமா என்று கடல் பக்கம்தான் பார்ப்பார்கள். நான் இப்போதெல்லாம் காலையில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு தெருவுக்கு வந்ததும் முதலில் கிழக்கே திரும்பிப் பார்க்கிறேன். வரிசையாக மாடிக் கட்டடங்கள். அவற்றுக்கு அப்பால் மலைப்பக்கம் வானம் எப்படி இருக்கிறதென்று இங்கிருந்து தெரிவதில்லை.