நந்தியாவட்டைப் புழுவும் நானும்

மூன்று கிழமைக்கு முன் ஒரு நாள் காலை, மருந்தடிக்கும் மெசினைத் தோளில் கொழுவிக்கொண்டு ஒரே ஒரு புழுவைக் கொல்லப் புறப்பட்டேன்.

சிரிக்காதீர்கள். தோட்டம் செய்யும் ஊரான நீர்வேலிக்காரனுக்குப் புழு என்றால் மருந்துதான் ஞாபகம் வரும். பக்கத்து வாழைத்தோட்டத்துக்காரரிடம் மெசினை இரவல் வாங்கியாயிற்று. பிறகென்ன?

கிணற்றடியில் நிற்கும் நந்தியாவட்டை என் மனைவியுடையது. பேத்தியைப் பார்க்க ஆறு மாதத்துக்கென்று கனடா போனவள், போகும்போது என்னிடம் ஒப்படைத்தது இரண்டைத்தான். ஒன்று, என் பிரஷர் குளிசை. மற்றது, சாமிக்குப் பூக் கொடுக்கும் அந்த மரம். ஆறு மாதம் இரண்டு வருடமாகிவிட்டது. குளிசையை மறந்த நாள் உண்டு. மரத்துக்குத் தண்ணீர் விட மறந்ததில்லை.

அந்த மரத்தில்தான் இரண்டு கொப்பு மொட்டையாக நின்றது. கீழே மிளகு போல உருண்டை உருண்டையாக எச்சம். தேடிப் பார்த்தால்... இலைக்குக் கீழே என் நடுவிரல் அளவில் ஒரு புழு. இலையின் அதே பச்சை. பக்கவாட்டில் ஒரு வெள்ளைக்கோடு, வாலில் சின்னக் கொம்பு. ஒரு குச்சியால் தட்டினேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கழுத்தை உப்ப வைத்தது. அங்கே நீல நிறத்தில் இரண்டு பெரிய கண்கள் என்னை முறைத்தன!

இரண்டு அடி பின்னால் பாய்ந்தேன். மெசின் முதுகில் இடித்தது.

அவை கண்களே இல்லையாம். குருவிகளை வெருட்டுவதற்குப் போட்ட பொட்டுகளாம். சந்தியில் குடியிருக்கும் விலங்கியல் ரீச்சர் பிறகு சொன்னார். அதற்கிடையில் நான் கனடாவுக்குப் போன் எடுத்துவிட்டேன்.

"உதுக்கு மருந்தடியாதேங்கோ!" என்று மனைவி அலறினாள். அங்கே நடுச்சாமத்துக்குக் கிட்ட. "உது ஒவ்வொரு வரியமும் வாறது. கொஞ்ச இலையைத் திண்டிட்டுப் போயிடும். மரம் திருப்பித் துளிர்க்கும்."

"ஒவ்வொரு வரியமுமோ? எனக்கு நீர் சொல்லேல்லையே?"

"நீங்கள் கேக்கேல்லையே."

முப்பத்தாறு வருடக் கலியாணம். எங்கள் கிணற்றடியில் வருடாவருடம் வந்துபோன விருந்தாளியை எனக்குத் தெரியாது. வேறு என்னென்ன தெரியாமல் இருந்திருக்கிறேன்?

மெசினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புழுவைக் கொப்போடு முறித்து ஒரு பிளாஸ்ரிக் வாளியில் வைத்து, மேலே நுளம்பு வலைத் துண்டு கட்டினேன். ஏன் செய்தேன் என்று கேட்டால்... சொல்கிறேன்.

எங்கள் டெலிபோன் கதை தினமும் நாலு நிமிடம். எனக்கு மாலை ஆறே கால் என்றால் அவளுக்குக் காலை எட்டே முக்கால். என்ன சமைத்தீர்கள், குளிசை போட்டீர்களா, மோட்டர் வேலை செய்யுதா. அதோடு சரி. புழு வந்த பிறகு அரை மணித்தியாலம்! எத்தனை இலை தின்றது, வாலைக் காட்டுங்கோ, தலையைக் காட்டுங்கோ. பேத்தி திரையில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்பாள். பின்னால் மனைவி சிரிப்பது கேட்கும். அந்தச் சிரிப்புக்காகத்தான் வாளி.

ஆறாம் நாள் புழு சாப்பாட்டை விட்டது. பச்சை போய் மண்ணிறமாகியது. வாளியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. செத்துவிடப்போகிறது என்று பதறி ரீச்சரிடம் வாளியையே கொண்டு ஓடினேன்.

"அங்கிள், உது சாகேல்லை. கூட்டுப்புழுவாகப் போகுது. கொஞ்சம் சருகு போட்டு விடுங்கோ, ஒளிக்க இடம் தேடுது."

போட்டேன். இரண்டு நாளில் சருகுக்குள்ளே வெளிர் மண்ணிறத்தில், கறுப்புப் புள்ளிகளோடு ஒரு கூடு. ஆட்டமில்லை, அசைவில்லை. காட்டுவதற்கு இனி ஒன்றுமில்லை. கதை திரும்பவும் நாலு நிமிடத்துக்கு வந்தது.

அந்தக் கிழமைதான் மகள் கேட்டாள்.

"அப்பா, அம்மாவை இன்னும் ஆறு மாதம் மறிக்கட்டோ? பிள்ளை புதுசாப் பள்ளிக்கூடம் போகப்போறாள்..."

இப்படிக் கேட்பது நாலாவது தடவை.

"ஓம், ஓம். எனக்கென்ன? இஞ்சை எல்லாம் ஓகே" என்றேன். திரையில் மனைவி மகளுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள்.

எல்லாம் ஓகேயா? எங்கள் வீட்டில் காலையில் பேப்பர் வந்தால் அவள் முதலில் விரிப்பது மரண அறிவித்தல் பக்கத்தை. உரக்க வாசிப்பாள். "இஞ்சாருங்கோ, உரும்பிராய் மாமியின்ரை சம்பந்தி போயிட்டார்" என்பாள். பிறகு அந்த மனிதரின் நாலு தலைமுறைக் கதை வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும். பேப்பரைத் தாரும் என்று பறித்திருக்கிறேன். இப்போது முழுப் பேப்பரும் என்னுடையது. அந்தப் பக்கத்தை நான்தான் மெதுவாக வாசிக்கிறேன். தெரிந்த பெயர் வந்தால் நிமிர்ந்து பார்க்கிறேன். எதிரில் அவள் இருந்த கதிரை மட்டும் இருக்கிறது.

புழு வந்த பதினெட்டாம் நாள், போன சனிக்கிழமை காலை, வாளிக்குள் நட்டுவைத்த தடியில் அது கூட்டைவிட்டு வந்து விட்டிலாகத் தொங்கியது. பச்சையிலே பல பச்சை, இடையில் வெள்ளை, மெல்லிய ரோஸ். எங்கள் ஊரில் ஆமிக்காரரின் உடுப்பில் அப்படி ஒரு பச்சையைக் கண்டால் கை அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குப் போகும். எனக்கும் ஒரு கணம் போனது. ஆனால் இவ்வளவு வடிவான ஒன்றை நான் அண்மையில் கண்டதில்லை.

ரீச்சர் ஓடிவந்து பார்த்தார். ஒலியாண்டர் ஹோக் மொத் என்று பெயராம். அலரியிலும் நந்தியாவட்டையிலும் முட்டையிடுமாம். மற்ற மிருகங்களுக்கு நஞ்சான இலை இதற்குச் சாப்பாடாம். பருந்து மாதிரி வேகமாம். கடல் கடந்துகூடப் போகுமாம்.

"திரும்பி வருமோ பிள்ளை?"

"போறதைக் கண்டிருக்கினம் அங்கிள். திரும்பி வாறதைப் பற்றி அவ்வளவாத் தெரியாது."

ஏன்தான் கேட்டேனோ!

மாலை ஆறே காலுக்குப் போனைக் கிணற்றுக்கட்டில் சாத்திவைத்து, வலையை எடுத்தேன். மைம்மல் பொழுது. விட்டில் உடனே பறக்கவில்லை. இறகுகள் நடுங்கத் தொடங்கின. குளிர்காய்ச்சல்காரர் மாதிரி ஒரே நடுக்கம். உடம்பைச் சூடாக்குகிறதாம். சட்டென்று எழும்பியது. மல்லிகைப் பந்தலில் ஒரு பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. பிறகு மதிலுக்கு மேலால் வாழைத்தோட்டத்துப் பக்கம்... இல்லை.

"போயிட்டுது" என்றாள் மனைவி, போனுக்குள்ளிருந்து.

"ஓம்."

மதில் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிது.

"இஞ்சாரும்... வாருமன்."

"என்ன?"

"ஆறு மாதம் ஏலாது. வாரும்."

"ஏன், வருத்தமோ? பிரஷர் கூடிட்டுதோ? மறைக்காமல் சொல்லுங்கோ!"

"வருத்தம் ஒண்டுமில்லை. நீர் இல்லாமல் எனக்கு ஏலாமல் கிடக்கு. அவ்வளவுதான்."

திரையில் அவள் முகம் போய்விட்டது. போனை எங்கேயோ மல்லாக்க வைத்துவிட்டாள். ஒரு வெள்ளைக் கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கனடாக் கூரையை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

கடைசியில் போனை எடுத்தது மகள்.

"என்னப்பா நீங்கள்! இதை முதலே சொல்லியிருக்கலாமே? ஒவ்வொரு முறையும் நான் கேக்கேக்கை, நீங்கள் மாட்டன் எண்டு சொல்லுவியள் எண்டு அம்மா பக்கத்திலை இருந்து பாத்துக்கொண்டே இருந்தவா. நீங்கள் ஓம் ஓம் எண்டியள். பிறகு அறைக்குள்ளை போய், 'அவருக்கு நான் இல்லாதது பெரிசாத் தெரியாது பிள்ளை' எண்டு சொல்லுவா."

கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆவணியில் வருகிறாள். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முன்னமே. பிள்ளையை வேறு இடத்தில் விட்டுச் சமாளிப்பதாக மகள் சொன்னாள். ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் என்று கலண்டரைப் பார்க்காமலே சொல்வேன். இரண்டு வருடம் தாங்கியவனுக்கு இந்த இரண்டரை மாதம் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது?

உங்கள் வீட்டிலும் யாராவது தூரத்தில் இருக்கக்கூடும். தயவுசெய்து போனில் 'இங்கே எல்லாம் ஓகே' என்று சொல்லாதீர்கள்... நம்பிவிடுகிறார்கள்.