புறங்கை

இனாயத்துல்லா டீ கிளாஸைக்கூடச் சட்டென்று எடுக்கமாட்டார். விரல்களின் பின்புறத்தால் முதலில் லேசாக ஒற்றுவார். அரை நொடி நிற்பார். பிறகுதான் கை திரும்பிப் பிடிக்கும். சுவிட்ச், மோட்டார் மூடி, பஸ் கம்பி எல்லாவற்றுக்கும் இதுதான்.

"கரண்ட் இருந்தா உள்ளங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிடும் தம்பி. புறங்கைன்னா தள்ளி விட்டுரும்" என்பார்.

தாராவிக்காரர், முப்பது வயது. பம்பாய் மாதுங்காவில் எங்கள் கல்லூரி மின் ஆய்வுக்கூடத்தில் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், சுற்றும் தற்காலிக ஆள். அறுபத்தேழில் எங்கள் இறுதியாண்டு வேலை, ஓர் இரும்புக் குண்டை அந்தரத்தில் நிறுத்துவது. மேலே மின்காந்தம், ஒரு பக்கம் சின்ன பல்பு, எதிரே அதன் ஒளியை உணரும் செல். குண்டு மேலேறினால் ஒளி மறையும், டிரான்சிஸ்டர் கரண்டைக் குறைக்கும். இறங்கினால் கூட்டும். காகிதத்தில் நின்றது. மேஜையில் நான்கு நொடி நடுங்கிவிட்டு விழுந்தது.

"காயில்லதான் கோளாறு" என்றார் விரிவுரையாளர் வெங்கடராமன். "இனாயத்து, திங்கக்கிழமை இன்ஸ்பெக்ஷன். இது நின்னாத்தான் ஒம்ம பர்மனென்ட் பேப்பரை நான் மேல அனுப்ப முடியும்."

"ஆயிரத்து இருநூறு சுத்து சார். எண்ணித்தான் போட்டேன்."

"முழிச்சுண்டு எண்ணினீரா?"

சிரித்தோம். அவரும் சிரித்தார், கண்ணை மட்டும் காயிலிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னொரு வாட்டி விடுங்க தம்பி."

சுவிட்சைப் போட்டேன். குண்டு நடுங்கிய அந்த நான்கு நொடியில் புறவிரலை அதன் அடியில் ஒற்றினார்.

"இது நம்ம லைன் கரண்ட்டு நடுக்கம். மோட்டாருல தெனம் பாக்கேன்லா. இந்த பல்புக்கு எங்கேருந்து எடுத்திய?"

சுவர் பிளக்கிலிருந்துதான், ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக. இணைத்தது நான். பல்பு நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசித்திருக்கிறது. எங்கள் கண்ணுக்குத் தெரியாதது செல்லுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து, சீராகக் கரண்ட் தரும் பாட்டரியைத் தூக்கி வந்து பல்புக்குக் கொடுத்தார்.

குண்டு நின்றது. டீ வந்து ஆறும்வரை நின்றது.

"அப்போ தூங்கினது நாங்கதானா?" என்றார் வெங்கடராமன்.

"அத நான் எப்படி சார் சொல்ல?"

திங்கட்கிழமையும் நின்றது. ஆகஸ்டில் அவருக்கு வேலை நிரந்தரமானது. மருத்துவச் சோதனையில் கண்ணை மட்டும் பார்த்தார்களாம்.

இரண்டு வருஷம் கழித்து அவர் வீட்டில் டீ குடிக்கும்போது அந்தப் பழக்கத்தைக் கிண்டல் செய்தேன். அவர் மனைவி மர்யம் சிரித்தார்.

"கரண்டுக்குன்னா சொன்னாவ? முன்னால மாஹிம்ல மோட்டார் காயில் சுத்துற கடையில இருந்தப்ப, கொதிக்கிற வார்னிஷ்ல ரெண்டு கையும் பட்டுப்போச்சு தம்பி. பத்து விரல்லயும் முன்பக்கம் உணர்ச்சியே கெடையாது. பேப்பர் கைக்கு வார வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னுட்டாவ."