தலையில் ஒட்டிய சீரக வெல்லம்

‘ஆடாதீங்க’ என்று சொல்வேன். அதே மூச்சில் ‘கதலொத்து’ என்று தெலுங்கிலும் ‘அல்லாடபேடி’ என்று கன்னடத்திலும் சொல்லிவிட்டுத்தான் காமிராவின் பொத்தானை அழுத்துவேன். கிருஷ்ணகிரியில் ஒரே குடும்பம் படமெடுக்க வந்தாலும் சில நாள் மூன்றும் தேவைப்படும். மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, துணைக்கு வந்தவருக்கு ஒன்று. என் சொந்த ஊரான ஏரலில் ஒருமுறை சொன்னால் போதும். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்கலாம். வெளியூரில் கடை வைத்திருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

மதுரைப் பத்திரிகை ஒன்றுக்குப் படமெடுத்துக்கொண்டிருந்த நான், இங்கே அணை கட்டும் வேலையைப் படம்பிடிக்க வந்தேன். அணை முடிந்தது, நான் திரும்பவில்லை. மனைவியையும் பத்து வயது மகள் வடிவையும் அழைத்துவந்து ஸ்டூடியோ வைத்தேன். வடிவு வளர்ந்து ராயக்கோட்டைப் பள்ளியில் டீச்சரானாள். அங்கே உடன் வேலை பார்த்த வெங்கடேசனை மணக்க விரும்பினாள். குருபரப்பள்ளிப் பக்கம் நிலம் வைத்திருக்கும் தெலுங்கு பேசும் குடும்பம். அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறுவருஷம் அது, எங்கும் மொழிப்பேச்சு. ஏரலில் இருந்த என் அண்ணன் சண்டை போடவில்லை, வரவும் இல்லை. ‘தாலி கட்டும் படத்தை அனுப்பு, பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஒரு கார்டு எழுதினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வடிவை ஸ்டூடியோவில் நிறுத்தினேன். பூத்தைத்த சடை தெரிய முதுகைக் காட்டி நிற்க வேண்டும், எதிரிலுள்ள கண்ணாடியில் முகம் விழ வேண்டும். நூறு மணப்பெண்களை இப்படி எடுத்திருக்கிறேன். கண்ணாடியில் என் உருவம் விழாமல் விலகி நின்று எடுத்து முடித்தேன்.

“எல்லாப் பொண்ணுக்கும் ‘சிரிம்மா’னு சொல்லுவீங்க. எனக்கு மட்டும் சொல்லலையேப்பா” என்றாள் வடிவு.

நான் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டு முறைப்படி குருபரப்பள்ளியில் நடந்தது. பெண்ணுக்கு அப்பனும் நானே, படக்காரனும் நானே. சுருளுக்குப் பன்னிரண்டு படம். கையில் ஆறு ஃபிளாஷ் பல்பு, ஒன்று ஒரு படத்துக்குத்தான் எரியும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு திரையைப் பிடித்திருந்தார்கள். தாரைவார்த்துக் கொடுத்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி காமிராவிடம் ஓடினேன். சுருள் முடிந்திருந்தது. புதியதை மாட்டிக்கொண்டிருக்கும்போதே கெட்டிமேளம் முழங்கியது. பதறித் திரும்பினேன். திரை இறங்கியிருந்தது, ஒருவர் கை மற்றவர் தலைமேல் இருந்தது. தாலி ஐயரின் தட்டிலேயே இருப்பதைப் பார்த்ததும் உயிர் வந்தது. நிதானமாகச் சுருளைச் சுற்றினேன். பிறகு தாலி கட்டியபோது மீதமிருந்த மூன்று பல்பையும் எரித்து எடுத்தேன். பத்திரிகையில் முதல் பக்கத்துக்குப் போகும் படம் என்று எனக்கே தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா லட்சுமம்மா என்னிடம் வந்தார். “ஏன் சம்பந்தி, முகூர்த்தம் நல்லா வுழுந்துச்சா?”

“மூணு படம் எடுத்திருக்கேன். தாலி தெளிவா இருக்கும்.”

“தாலி சரி. சீரக வெல்லம் வெச்சாங்களே, அது?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் முறையில் முகூர்த்தம் தாலி அல்ல. சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்து, வெற்றிலையில் வைத்து, ஒருவர் தலையில் ஒருவர் அழுத்துகிற அந்த நொடிதான். அதன்பின் இருவரும் கணவன் மனைவி. தாலி அதற்கு அடுத்தது. பத்து வருஷம் இந்த ஊர்க்காரர்களைப் படமெடுத்தவனுக்கு இது தெரியாது. ஸ்டூடியோவுக்கு அவர்கள் கல்யாணம் முடிந்த பிறகுதான் வருவார்கள்.

“எடுக்கலம்மா” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. என் மனைவி என்னைத் தூணோரம் இழுத்தாள். “அவுக கல்யாணத்த நாம கல்யாணமாவே மதிக்கலன்னு நினைச்சிட மாட்டாகளா? நாளையில இருந்து பிள்ள அந்த அடுப்படியில நிக்கணும், தெரியுமா?”

நான் திரும்பிப் போய், இன்னொருமுறை வைக்கச் சொல்லலாமா என்று கேட்டேன்.

“முகூர்த்தம் என்ன, ரெண்டாவது ஆட்டம் சினிமாவா?” என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

லட்சுமம்மா அவரைக் கையமர்த்தினார். வடிவின் தலையைத் துடைக்கத் துணியோடு வந்த பெண்ணைத் தடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “வெக்கறத ரெண்டு தரம் வெக்கக்கூடாது. வெச்சது தல மேலயேதான இருக்குது. அத எடுங்க சம்பந்தி.”

பல்பு தீர்ந்துவிட்டது. பந்தல் நிழலில் ஒரு முழு நொடி ஷட்டரைத் திறந்துவைத்தால்தான் படம் விழும்; அதற்குள் அசைந்தால் கலங்கிவிடும். காமிராவை ஸ்டாண்டில் ஏற்றி, இருவரையும் தலை குனியச் செய்தேன். வெல்லம் உருகி வடிவின் வகிட்டில் இறங்கியிருந்தது; வெங்கடேசனின் வெற்றிலை காதுப்பக்கம் சரிந்திருந்தது.

“பொண்ணக் குடுத்தவரு ஒரு படத்துலயாச்சும் இருக்க வேணாமா? போய் நில்லுங்க. எங்க அமுக்கணும், சொல்லுங்க” என்றார் லட்சுமம்மா.

பொத்தானைக் காட்டிவிட்டு மகளுக்குப் பின்னால் போய் நின்றேன். லட்சுமம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் ஸ்டூடியோவில் சொல்லும் அதே தொனியில் “கதலொத்து சம்பந்தி” என்றார். அழுத்தினார்.

குனிந்த தலையை நிமிர்த்தாமல் வடிவு முணுமுணுத்தாள்: “சிரிங்கப்பா.”

ஷட்டர் மூடுமுன் நான் அவள் பக்கம் திரும்பிவிட்டேன்.

தாலிப் படத்தோடு இதையும் ஏரலுக்கு அனுப்பினேன். அண்ணன் உடனே பதில் எழுதினார்: ‘நேரில் பார்த்தது போல இருந்தது. பிள்ளைகள் தலையில் இருப்பது என்ன? எல்லோரும் அசையாமல் நிற்க, நீ மட்டும் ஏன் ஆடிவிட்டாய்?’ அடுத்த மாதம் மதினியோடு வந்து இறங்கினார். முதல் கேள்விக்கான பதிலை லட்சுமம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

குருபரப்பள்ளி வீட்டுக் கூடத்தில் இப்போது அந்தப் படம் மாட்டியிருக்கிறது. பத்திரிகையில் கொடுத்தால் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். குனிந்த இரண்டு தலைகளும், அவற்றின் மேல் வெற்றிலையும் நரம்பு தெரியும்படி துல்லியமாக இருக்கின்றன. பின்னால் நிற்கும் எனக்கு மட்டும் இரண்டு முகம். ஒன்று லட்சுமம்மாவை நேராகப் பார்க்கிறது. இன்னொன்று, அதைவிட மங்கலாக, மகள் பக்கம் திரும்பிச் சிரிக்கிறது.