கண்ணை மட்டும் விட்டுவிட்டு

ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற பாதுஷாவுக்கு இடது காது கேட்காது. எல்லையில் குண்டு வெடித்ததில் போனதென்று அவருடைய சொந்த ஊரான ஆனையூரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். குண்டும் இல்லை, மண்ணும் இல்லை. பயிற்சியின் மூன்றாவது வாரம், படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்ததற்காகப் பயிற்சியாளர் விட்ட அறையில் செவிப்பறை கிழிந்தது. அந்தச் சுருக்கத்தால் எந்த நாடு பறிபோக இருந்ததோ தெரியவில்லை. வெளியே சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களென்று பயந்து, பதினேழு வருடமும் வலது காதைத் திருப்பித் திருப்பியே சமாளித்தார்.

இப்போது சமயநல்லூரில் ஒரு பொட்டலில் ராணுவத் தேர்வுக்கு இளைஞர்களைத் தயார் செய்கிறார். ஓட வைப்பார், கயிறு ஏற வைப்பார். கை மட்டும் நீட்டமாட்டார். அதனாலேயே கூட்டம் சேரவில்லை. அடிக்காத மாஸ்டர் என்பது அவருக்கு ஊரில் கெட்ட பெயர்.

போன வாரம் திருமங்கலத்திலிருந்து ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க. ஏன்னு கேக்க மாட்டேன்."

"என்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கையில எங்க அத்தாவும் இதத்தான் சொன்னாரு," என்றார் பாதுஷா. "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. போனது காது."

வந்தவர் கொஞ்சம் யோசித்தார்.

"அடி வாங்காம எப்படிண்ணே பட்டாளத்துக்காரனாக முடியும்? உங்களால முடியாட்டி, நல்லா அடிக்கிற எடமாச் சொல்லுங்க. அங்கன சேத்துவிடுறேன்."

பாதுஷா தன் இடது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.