விளக்கு மாற்றிய தேதி

ஜமால் பாய் இறந்துவிட்டார் என்ற செய்தி, கிருஷ்ணகிரியில் என் பக்கத்து வீட்டு போனுக்குக் காலை ஏழரை மணிக்கு வந்தது. பேசியவர் பாகலூரில் பாய் வீட்டுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருப்பவர். "விடிகாலைல நெஞ்சு வலின்னாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிருச்சு. மத்தியானம் லுஹர் தொழுகை ஆனதும் அடக்கம்" என்றார். நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அப்படிப் போட்டிருக்கிறேன் என்பது சூளகிரி தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

ஓசூர் தொழிற்பேட்டையில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் டைம் ஆபீஸ் ஜமால் பாய். ஒரு நிமிடம் பிந்தினாலும் கார்டில் சிவப்பு மை வைப்பார். நீங்கள் திட்டியிருப்பீர்கள், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் ஏன் முதல் பஸ்ஸில் வந்து, ஷிஃப்ட் தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போதே பெயிண்ட் ஷாப் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எத்தனை பேர் கேட்டீர்கள்? அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்த நான் கேட்டேன். கேட்டு மாட்டிக்கொண்டேன்.

அந்தச் சுவரின் உச்சியில் ஒரு மெர்குரி விளக்கு இருந்தது. இரவெல்லாம் அதைத் தேடி வந்த விட்டில்கள் விடியும்போது வெள்ளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வாட்ச்மேன் விளக்கை அணைத்த பிறகு, பெருக்குகிற முனியம்மா விளக்குமாற்றோடு வருவதற்குள், பாய் அவற்றை எண்ணி நோட்டில் எழுதிவிடுவார். மாசியில் தொடங்கினால் சித்திரை முடியும்வரை ஒரு வேலை நாள் தவறாது. பெயர் தெரியாதவற்றுக்கு அவரே பெயர் வைத்தார். றெக்கையில் வெல்டிங் கண்ணாடி மாதிரி இரண்டு கறுப்பு வட்டம் உள்ளது 'வெல்டர்'. உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருப்பது 'எமரி'. குண்டாக, தொட்டாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒன்றுக்கு எங்கள் மேனேஜர் பெயர்.

நோட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'பார்த்தவர்'. ஒருநாள் நான், "ராத்திரி வாட்ச்மேன் பெரிய பச்சைப் பூச்சி ஒண்ணு பாத்தாராம் பாய், எழுதிக்குங்க" என்றேன். "பாத்தவன் எழுதணும் செல்வம். கேட்டவன் எழுதக் கூடாது" என்று பேனாவை மூடிவிட்டார். வாட்ச்மேனுக்கு எழுதத் தெரியாது. அதற்காகப் பாய் விடவில்லை. அவர் கையில் பென்சிலைக் கொடுத்துப் பூச்சியை வரையச் சொல்லி, பக்கத்தில் கைநாட்டும் வாங்கினார். கத்தரிக்காய்க்கு வால் முளைத்த மாதிரி அந்தப் படம் இன்னும் நோட்டில் இருக்கிறது.

இனி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். விட்டில்கள் ஈரப் பெயிண்டில் விழுந்து ஒட்டிச் சரக்கு ரிஜெக்ட் ஆகிறது என்று பெயிண்ட் ஷாப் சூப்பர்வைசர் குதித்தார். மஞ்சள் வெளிச்சம் தரும் சோடியம் விளக்குக்குப் பூச்சி அவ்வளவாக வராது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். "ஜமாலுக்குத் தெரிஞ்சா மேல வரைக்கும் போவாரு. சத்தமில்லாம மாத்திருப்பா" என்றார். கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம் ஏணி போட்டு ஏறி மாற்றினேன். பராமரிப்பு ரிஜிஸ்டரில்கூட எழுதவில்லை. விளக்கு எரியும் நேரத்தில் பாய் பாகலூரில் இருப்பார். அவர் வரும்போது அது அணைந்திருக்கும். முதல் நாள் சொல்ல நினைத்தேன். ஒரு வாரம் போனதும் சொல்ல வெட்கமாகிவிட்டது.

நோட்டில் எண்ணிக்கை விழுந்தது. "பௌர்ணமி வெளிச்சத்துல கம்மியாத்தான் வரும்" என்று முதலில் சமாதானம் சொன்னார். தேய்பிறையிலும் ஏறவில்லை. அடுத்த ஆண்டு மாசியிலும் ஏறவில்லை. பாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. தொழிற்சாலைப் புகையா, தோட்டத்தில் அடிக்கிற மருந்தா என்று சாப்பாட்டு நேரத்தில்கூட அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் பஸ் ஏறினார். குற்ற உணர்வில் நானும் கூடப் போனேன். அஞ்செட்டிக்கு மேலே மரப்பட்டைகளையும் இலைகளையும் புரட்டிக்கொண்டிருந்தபோது, மாடு மேய்த்த ஒருவர், "ஏனு களக்கொண்ட்ரி?" என்று கேட்டார். என்ன தொலைத்தீர்கள் என்று கன்னடத்தில் விசாரிக்கிறார். பூச்சி என்றதும், "ஆனையத் தேடி ஆளு வரும். பூச்சியத் தேடி வந்த ஆளு நீங்கதான்" என்று தமிழுக்கு மாறிச் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. "இங்கெல்லாம் இருக்குது செல்வம். நம்ம எடத்துலதான் என்னமோ ஆயிருச்சு" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொல்லிவிட்டேன். "பூச்சிக்கு ஒண்ணும் ஆகல பாய். வெளக்கை நான்தான் மாத்தினேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர், "எந்தத் தேதி?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. "கரண்ட் இல்லாத நாள்" என்றேன்.

"ஓசூர்ல கரண்ட் இல்லாத நாளு! ரொம்பச் சுளுவாக் கண்டுபிடிச்சிரலாம், போ."

"எண்ணிக்கை எங்க விழுந்துச்சுன்னு நோட்டுல பாத்தாத் தெரிஞ்சிடாதா பாய்?"

"விடையப் பாத்துட்டுக் கணக்குப் போடறதா? அப்புறம் அந்த நோட்டை யாரு நம்புவாங்க?" என்றார். அன்று பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் நோட்டில் ஒரு வரி எழுதினார்: 'விளக்கு மாற்றிய தேதி'. அதற்கு எதிரே இடம் காலி. "மாத்தினவன் நீ. நீதான் எழுதணும்" என்றார். அதன் பிறகு எங்கே பார்த்தாலும் அவருடைய முதல் கேள்வி, "தேதி ஞாபகம் வந்துச்சா?" என் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாக நின்றபோதும் கேட்டார். வேலையை விட்டு நான் கிருஷ்ணகிரிக்கு வந்த பிறகும் கடிதத்தில் கேட்டார். போன தீபாவளிக்குப் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ரெண்டு வருசப் பூச்சிக்கு ஆயுள் தண்டனையா பாய்?" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, நோட்டுதான் கேக்குது" என்று சிரித்தார். அதுதான் நான் கடைசியாகப் பார்த்த சிரிப்பு.

அடக்கத்துக்குப் புறப்பட்ட அன்று ஓசூரில் பஸ் நின்றுவிட்டது. மலைக்கோயில் தேர். பதினொன்றரை ஆகியும் வண்டி நகரவில்லை. தொண்டை வறண்டு ஒரு ஜூஸ் கடையில் நின்றேன். மிக்ஸி பாதியில் நின்றது. "தேரு வருதில்லீங்களா, கரண்டை நிறுத்திட்டாங்க. தேரு நிலைக்கு வந்தாத்தான் விடுவாங்க" என்றார் கடைக்காரர்.

விளக்கு மாற்றிய அந்த மத்தியானத்து ஏணியின் உச்சி என் கண்முன் வந்தது. கையில் பழைய விளக்கு. கீழே சூப்பர்வைசர், "தேரு நிலைக்கு வந்தா கரண்டு வந்துரும், சீக்கிரம்பா" என்று கத்துகிறார். அத்தனை ஆண்டு தேடியது, அவரைப் புதைக்கிற நாளில், நடுரோட்டில் கிடைத்தது. நான் அழுதுவிட்டேன். கடைக்காரர் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பாகலூர் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பாயின் மகள் சபியாவிடம் நோட்டைக் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் எடுத்துவந்தாள். விளக்கு மாற்றிய ஆண்டின் பங்குனிப் பக்கத்தில் பாயின் சின்ன எழுத்து: 'இன்று தேர். பஸ்ஸில் கூட்டம். காலை 46. வெல்டர் 2.' ஓரத்தில் தேதி. அதைப் பார்த்துக் காலியிடத்தில் எழுதினேன். 'பார்த்தவர்' கட்டத்தில் என் பெயரைப் போட்டேன்.

"இதுக்குத்தான் அத்தா எடம் விட்டிருந்தாரா மாமா?" என்றாள் சபியா. "ஆமாம்மா" என்று நோட்டை மூடி அவளிடம் கொடுத்தேன்.

பிறகு கபரஸ்தானுக்குப் போனேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. எனக்கு துஆ ஓதத் தெரியாது. தேதியைச் சொன்னேன்.

நோட்டு சபியாவிடமே இருக்கிறது. என்னிடம் இருப்பது பாயின் கேள்வி. பதில் எழுதிய பிறகும் அது என்னை விடவில்லை. இப்போது வீட்டில் எந்த பல்பை மாற்றினாலும் பக்கத்துச் சுவரில் பென்சிலால் தேதி எழுதிவைக்கிறேன். சுவரைக் கெடுக்கிறேன் என்று மனைவி சத்தம் போடுகிறாள். தேதி கேட்க இனி யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.